மணிக்கு எத்தனை அழுகை

உள்ள வா புஷ்பம். வாசல்லயே நின்னா எப்படி? செருப்ப அங்கன விட்டுட்டு, அந்தக் குழாயில கைய கழுவிட்டு வா. இங்க இப்ப அதெல்லாம் சட்டம். புள்ளைய என்கிட்ட நீட்ட வேணாம், உன் மடியிலயே இருக்கட்டும். நான் ஒண்ணும் பிடுங்கிட மாட்டேன். சங்கு ஊத இன்னும் அரைமணி கெடக்கு. இந்த மழையில பேர் பதியற மஸ்டர் வாசல்ல போயி நனையறதுக்கு, இப்படி உக்காந்து நான் சொல்றதக் கேட்டுட்டுப் போ.

லீவு முடிஞ்சு நீ நாலு நாள் முந்தியே வந்திருக்கணும். லிஸ்டு எனக்கு வந்துருச்சு. மரியபுஷ்பம், பதினோராம் நம்பர் தேயிலைக்காடு, ஆறு மாச ஆண் குழந்தை ஒண்ணுன்னு. நானும் கட்டில்ல விரிப்பெல்லாம் மாத்தி வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டே இருக்கேன். மொத நாள் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்புன. மறுநாள் உனக்குக் காய்ச்சல். மூணாம் நாளும் நாலாம் நாளும் உங்க வீட்டுல யாருக்குக் காய்ச்சல்னு சொல்லக்கூட ஆளு வரல.

குழாயடியில கலா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும். சிந்தாமணி ஆயாகிட்ட புள்ளைய விடாத, மருந்து குடுத்துத் தூங்க வச்சே ஒரு புள்ளையக் கொன்னுட்டான்னு சொல்லியிருப்பா. தலையக் குனியாத, சொல்லியிருக்கா. சொல்லட்டும். இந்த மேல்மூங்கில் எஸ்டேட்டுல ஆறு லயன்லயும் அவ போயிச் சொல்லாத வீடு இல்ல. ஆனா அவ புள்ளைய அவ தெனமும் எங்க விடறா? இங்கதான். அதையும் நீ சேத்துக் கேட்டிருக்கணும்.

முப்பத்தோரு வருசமாச்சு நான் இந்த வேலைக்கு வந்து. இன்னிக்குக் கவாத்து வெட்டுறவன், லாரி ஓட்டுறவன், ஃபேக்டரியில தூள் சலிக்கிறவ, பாதிப் பேரு என் கையில வளந்ததுதான். உன் வீட்டுக்காரன் அருள்ராஜ் வேற எங்க வளந்தான்? மூணு வயசு வரைக்கும் அவனுக்கு மூக்கச் சிந்தத் தெரியாது. என் முந்தானையிலதான் சிந்துவான். அடுத்த மாசம் திருப்பூர்ல இருந்து வரும்போது கேட்டுப் பாரு, வெக்கப்படுவான்.

அப்ப இதுக்குப் பேரு பிள்ளைக்காம்பரா. குழந்தைகள் மேம்பாட்டு மையம்னு வெளிய போர்டு தொங்குதே, அதெல்லாம் பின்னாடி வந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நடுவுல ஒரு விட்டம். விட்டத்துல எட்டுக் கொக்கி. எட்டுக் கொக்கியிலயும் எட்டுத் தூளி. அந்தந்தப் புள்ளையோட அம்மா சேலையிலதான் தூளி கட்டுவேன். அம்மா வாசம் அடிச்சாத்தான் புள்ள அடங்கும், இது படிச்சு வர்றதில்ல. எட்டுத் தூளிக்கும் சேத்து ஒரே கயிறு. கயித்து நுனி என் கால் கட்டைவிரல்ல. நான் பாட்டுக்குச் சுவத்துல சாஞ்சு உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டே கால ஆட்டுனேன்னா எட்டும் ஒண்ணா ஆடும். இங்க பாரு, இந்த வடு அந்தக் கயிறு அறுத்தது. எட்டுப் புள்ளைக்கு ஒரே ஒரு பொம்பள. இந்த மலையில வேற எந்த எஸ்டேட்டுலயாவது காட்டு பாக்கலாம். பழைய தொரை ஒருத்தர் அவரு சம்சாரத்தையே கூட்டிட்டு வந்து என் காலக் காட்டுனாரு.

அதுக்கப்புறம்தான் இந்த நிதி வந்துச்சு. நம்ம தேயிலைய வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க இருக்காங்கல்ல, புள்ளைங்கள நல்லா வச்சிருக்கிற எஸ்டேட்டுத் தேயிலைன்னு டப்பாவுல முத்திரை குத்தி விக்கணுமாம். அதுக்காக பிள்ளைக்காம்பராவ நல்லாக்குறதுக்கு ஒரு நிதி. மொதல்ல பாதி. வேலை முடிஞ்சு, அவங்க வந்து பாத்து, திருப்தின்னா மீதி. தொரை குதிச்சாரு. வெல்ஃபேர் ஆபீசர் நிவேதிதா மேடம் அதுக்கு மேல. கோயமுத்தூர்ல படிச்ச புள்ள, எம் மகளவிட வயசு கம்மி, ஒரு பெரிய ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டே திரியும். இது வந்துட்டா நம்ம எஸ்டேட்டு எங்கயோ போயிடும் ஆயான்னு சொல்லும். எங்க போகும், இங்கதான் கெடக்கும்னு நான் மனசுக்குள்ள நினைச்சுக்குவேன்.

நல்லது செய்யலன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். டைல்ஸ் போட்டாங்க. சின்னதா கக்கூசு கட்டுனாங்க, பொம்மைக்குக் கட்டுன மாதிரி. குட்டி நாற்காலி வந்துச்சு. சுவத்துல ஒட்டகச்சிவிங்கி வரைஞ்சாங்க. இங்க கரடி வரும், சிறுத்தை வரும், ஆனை வந்து வாசல்ல நிக்கும். ஒட்டகச்சிவிங்கிய எந்தப் புள்ள பாத்துச்சு? இருக்கட்டும், பாக்க லட்சணமாத்தான் இருக்கு.

அப்புறம் ஒரு நாள் அறுக்குற மிசினோட ரெண்டு பேரு வந்தாங்க. ஏணி போட்டு ஏறி எட்டுக் கொக்கியையும் அறுத்துக் கீழ போட்டாங்க. தூளி ஆபத்தாம். கழுத்துல சுத்திக்குமாம், அவுந்து விழுமாம், அவங்க காகிதத்துல எழுதியிருக்காம். முப்பத்தோரு வருசத்துல என் தூளியில இருந்து ஒரே ஒரு புள்ளதான் விழுந்துச்சு. அதுவும் பாய் மேல. அது இப்ப போலீஸா இருக்கு. தூளிக்குப் பதிலா இந்தப் பன்னெண்டு கட்டில். சுத்திக் கம்பி. அந்தா பாரு, தூளிய வரைஞ்சு அது மேல சிவப்புல பெருக்கல் குறி போட்டு ஒட்டியிருக்காங்க. தெனமும் வந்து மொதல்ல அது மூஞ்சியிலதான் நான் முழிக்கணும். கயித்தையாவது குடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னேன். குப்பையில போட்டாச்சுன்னுட்டாங்க.

எனக்குப் பயிற்சின்னு மூணு நாள் பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ரப்பர் பொம்மைய மேசை மேல கெடத்தி, புள்ளையக் கட்டில்ல படுக்க வச்சு லேசா நெஞ்சத் தட்டுனா தூங்கிரும்னு ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. அந்தப் பொம்மை தூங்குச்சு. மூணு நாளும் ஒரு சத்தம் போடல.

இங்க வந்து நிசப் புள்ளைய கட்டில்ல போட்டேன். அது மேல பாக்குது, கூரை தெரியுது. ஆடல. அம்மா சேலை இல்ல. கத்துது. ஒண்ணு கத்துனா அடுத்தது, அத ஒட்டி அடுத்தது. தூக்குனா அடங்கும், எத்தனையத் தூக்குவேன்? காலையில ஆரம்பிச்சா நாலரை வரைக்கும் ஃபேக்டரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு.

அதோட பால் கதை வேற. முன்னாடியெல்லாம் பத்தரைக்கு அம்மாமாரு தலையில கொழுந்துச் சாக்கோட அப்படியே ஓடி வந்து, படியில உக்காந்து பால் குடுத்துட்டு ஓடுவாளுக. இப்ப அதுக்குத் தனி ரூம். காலக் கழுவணும், மேல ஒரு அங்கிய மாட்டணும், புக்குல பேர் விழணும். இதெல்லாம் முடிக்கிறதுக்குள்ள கங்காணி விசில் ஊதிருவான். தூரக் காட்டுல நிக்கிறவ வர்றதையே விட்டுட்டா.

மொத தடவ பாக்க வந்தாங்க. ஒரு ஆளு, கையில ஒரு பலகை, ஒரு கடிகாரம். அந்த மூலையில நாற்காலியப் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்தான். என்னதான் எழுதுறான்னு எட்டிப் பாத்தா, குச்சி குச்சியா கோடு போட்டிருக்கான். ஒரு புள்ள ஒரு தடவ அழுதா ஒரு கோடு. மணிக்கு எத்தனை அழுகைன்னு அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு அவங்க காகிதத்துல. நாலுக்கு மேல போகக் கூடாதாம். எனக்கு இருபத்தாறு விழுந்துச்சு.

அன்னிக்கு மேடம் என்னைத் தனியா கூப்பிட்டுச்சு. அடுத்த தடவையும் இப்படி இருந்தா மீதி நிதி வராது ஆயா, டிரெய்னிங் எடுத்த டீச்சர போட்டுட்டு உங்களக் காட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லிட்டாரு தொரைன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு, அது எதையும் அப்படித்தான் சொல்லும். எனக்கு ஐம்பத்தாறு வயசு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு உங்க பதினோராம் நம்பர் சரிவுல ஏறுவேனா? ஏறலன்னா வேலை போச்சு. வேலை போனா லயன்வீட்டக் காலி பண்ணணும். எம் மக புருசன விட்டுட்டு ரெண்டு புள்ளைங்களோட அங்கதான் கெடக்கா. பயந்துட்டேன் புஷ்பம். பொய் சொல்லல, ரெண்டு நாளு சோறு எறங்கல.

அந்த வாரத்துலதான் ஒரு புள்ளைக்குச் சளி புடிச்சுது. யாரு புள்ளைன்னு நினைக்கிற? கலா புள்ளைதான். டிஸ்பென்சரியில கம்பவுண்டரு சிவப்பா ஒரு மருந்து குடுத்திருந்தாரு. குடுத்தேன். அன்னிக்கு மத்தியானம் பூரா அந்தக் கட்டில்ல சத்தமே இல்ல. என்னடா இதுன்னு நானே ரெண்டு தடவ போயி மூக்குல விரல வச்சுப் பாத்தேன். நல்லாத் தூங்குது. சாயங்காலம் கலாவே சொன்னா, வீட்டுல இருமி இருமி என் உசிர எடுத்துச்சு ஆயா, இங்கதான் கண்ண மூடியிருக்கு, நீங்க நல்லா இருக்கணும்னு. சொன்னாளா இல்லையான்னு அவகிட்டயே கேளு.

மருந்துதானேம்மா, வெஷமா குடுத்தேன்? மறுநாள் இன்னொண்ணுக்கு மூக்கு ஒழுகுச்சு. மழைக் காலத்துல இந்த மலையில எந்தப் புள்ளைக்குத்தான் மூக்கு ஒழுகாது? ஒரு வாரத்துல எல்லாப் புள்ளைக்கும் சளி. பாட்டில் கேட்டா கம்பவுண்டரு ஏன்னு கேக்கல. மீதி நிதி வந்தா டிஸ்பென்சரிக்கு ஃபிரிட்ஜு வருதுன்னு அவருகிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க. மேடம் ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு, என்ன ஆயா மந்திரம் போட்டுட்டீங்களான்னுச்சு. நான் சிரிச்சேன். அது அதுக்கு மேல கேக்கல. கேக்காத ஆளுக்கு நானா போயி ஏன் சொல்லணும்?

அம்மாமாருக்கும் சந்தோசம்தான். வீட்டுக்குப் போயும் தூங்குது ஆயா, சமைக்க முடியுது, துணி துவைக்க முடியுதுன்னு சொன்னாளுக. இந்தக் கலாதான் ஒரு நாள் புள்ள வாய மோந்து பாத்துட்டா. வாசல்ல நின்னு ஆட்டம்னா ஆட்டம். சரிதாயி, உன் புள்ளைக்குக் குடுக்கலன்னேன். சத்தியமா அதுக்கப்புறம் ஒரு சொட்டு குடுக்கல. அத இடுப்புல வச்சுக்கிட்டேதான் மத்த வேலையப் பாத்தேன். செல்வராணி புள்ளைக்கும் குடுக்கிறதில்ல, அவ வீட்டுக்காரன் யூனியன்ல இருக்கான். கங்காணி பேத்திக்கும் குடுக்கிறதில்ல. நான் ஒண்ணும் வெவரம் இல்லாதவ இல்ல. யாரு புள்ளைய எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும்.

மீதி ஆறு புள்ளைங்க. அதுல நாலு வடக்கத்தி ஆளுங்களது.

ம், அந்தச் செத்த புள்ள யாருதுன்னா கேக்குற? அதுக்குத்தான் வர்றேன். அதப் பெத்த பொண்ணு பேரு பூல்மனியோ என்னவோ, நாங்க பூமணின்னு கூப்பிட்டோம். ஜார்க்கண்டுப் பக்கம். வந்து மூணு மாசம். தமிழ்ல அவளுக்குத் தெரிஞ்சது ஆயா, பால், தண்ணி, சரி. எத நீ சொன்னாலும் சரின்னு தலைய ஆட்டுவா. அவ புள்ளைக்கு எட்டு மாசம். ஒரு பிடி இருக்காது, ஆனா தொண்டை இருக்கே, அப்பப்பா. முதுகுல துணியில கட்டிக்கிட்டே வேலை செஞ்சு பழக்கியிருக்கா. முதுகு இல்லாம அதுக்குத் தூக்கம் வராது. காட்டுக்குள்ள புள்ளையக் கட்டிக்கிட்டு வரக் கூடாது, காம்பராவுலதான் விடணும்னு நிதி வந்தப்ப சட்டம் போட்டது யாரு? தொரை. அதுவும் நான் போட்டதில்ல. மொத நாள் அத முதுகுல இருந்து அவுக்கும்போது அது அவ சட்டைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிச்சு. நான்தான் ஒவ்வொரு விரலா பிரிச்சேன்.

ரெண்டாவது தடவ பாக்க வர்றது பத்து மணிக்குன்னு சொன்னாங்க. இந்தத் தடவ வெள்ளைக்கார அம்மாவே வருது. அன்னிக்கு மட்டும் யாரும் பால் குடுக்க வர வேணாம், சகதிக் காலோட டைல்ஸ மிதிச்சிருவாங்கன்னு மேடம் மஸ்டர்லயே சொல்லிருச்சு. ஒன்பதரைக்கே ஆறு புள்ளைக்கும் மருந்து குடுத்துப் படுக்க வச்சுட்டேன். மத்த மூணும் விளையாண்டுக்கிட்டு இருந்துச்சு, அது விளையாடட்டும், அதுவும் அவங்க பாக்கணும்ல. புது விரிப்பு, புதுப் போர்வை. நானும் கட்டம் போட்ட புதுச் சேலை.

பத்தாச்சு. பத்தரை ஆச்சு. ஆளக் காணோம். அப்புறம் மேடத்துக்குப் போன் வருது. கீழ வளைவுல ஆனைக் கூட்டம் ரோட்ட மறிச்சு நிக்குது, ஜீப்பு ஏற முடியலன்னு. ஆனைய யாரு போயி நகருன்னு சொல்றது? பன்னெண்டரைக்கு மொத சத்தம் கேட்டுச்சு. அதுதான், பூமணி புள்ள. மறுபடியும் கொஞ்சம் குடுத்தேன். ஒண்ணே காலுக்கு, இதோ கிளம்பிட்டோம்னு போன். வரல. ரெண்டு மணிக்கு அது மறுபடி சிணுங்குச்சு. மேடம் என்னப் பாக்குது, நான் மேடத்தப் பாக்கிறேன். அது ஃபைலப் புரட்டிக்கிட்டே வெளிய போயிருச்சு. என் வேலை, எம் மக, அவ புள்ளைங்க, லயன்வீடு, எல்லாம் அந்த ஒரு தொண்டையில வந்து நிக்குது. இன்னும் கொஞ்சம் குடுத்தேன். எவ்வளவுன்னு அந்த அவசரத்துல யாரு பாத்தா.

மூணு மணிக்கு வந்தாங்க. அதே ஆளு, அதே பலகை, அதே மூலை. ஒரு மணி நேரம் உக்காந்தான். ஒரு கோடு விழல புஷ்பம். ஒண்ணே ஒண்ணுகூட விழல. கூரையில மழைச் சத்தம் மட்டும்தான். வெள்ளைக்கார அம்மா ஒவ்வொரு கட்டிலாப் போயிப் பாத்துச்சு. பூமணி புள்ளைகிட்ட வந்ததும் நின்னுருச்சு. கண்ணு கலங்கிருச்சு அதுக்கு. என்னமோ சொல்லுச்சு, மேடம் எனக்குத் தமிழ்ல சொல்லுச்சு: இவ்வளவு நிம்மதியா ஒரு குழந்தை தூங்கி நான் பாத்ததே இல்லன்னு சொல்றாங்க ஆயான்னு. போட்டோ எடுத்தாங்க. மேல இருந்து, பக்கத்துல இருந்து, முகத்துக்கிட்ட போயின்னு ஆறேழு. வெளிச்சம் பளிச் பளிச்னு அடிச்சும் அது அசையல. மேடம் என் கையப் பிடிச்சு அழுத்துச்சு.

நாலரைக்கு பூமணி வந்தா. வரும்போதே முதுகுல துணியப் போட்டு ரெடியாத்தான் வந்தா. தூக்குனா. தலை தொங்கிருச்சு.

டிஸ்பென்சரிக்கு ஓடுனோம். நானும்தான் ஓடுனேன், இந்த முட்டியோட. கம்பவுண்டரு பாத்துட்டு, உசிரு போயி ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் இருக்கும்னாரு. அப்படின்னா அந்தப் போட்டோ எடுத்தப்ப... சரி, அத எதுக்கு இப்ப. அவரு என்ன டாக்டரா, அவருக்கென்ன தெரியும்.

பால் புரையேறிருச்சுன்னு எழுதுனாங்க. தாய்க்காரி அவசரமா குடுத்துட்டு ஓடுனதுல புரையேறிருச்சுன்னு. அன்னிக்குத்தான் யாரையும் வர வேணாம்னு சொன்னாங்களேன்னு பாக்கிறியா? வரலதான். ஆனா பால் ரூம் புக்குல வந்ததா இருந்துச்சு. தெனமும் காலையிலயே எல்லாப் பேருக்கும் நேரா நான் டிக் போட்டு வச்சிருவேன், புக்கு நிறைஞ்சிருக்கணும்னு மேடம் சொல்லும். அது அப்படி வந்து நிக்கும்னு எனக்கென்ன தெரியும்? கீழ இருந்து வந்த டாக்டரு எங்கிட்ட குழந்தை பேரு என்னன்னு கேட்டாரு. எனக்குச் சட்டுன்னு வரல. பூமணி புள்ளைன்னேன். பால் குடுத்தியாம்மான்னு அவகிட்டயும் கேட்டாங்க. அவ சரின்னா. எழுதிக்கிட்டாங்க.

கலா மட்டும் பாட்டில எடு, போலீஸக் கூப்பிடுன்னு நின்னா. யாரு கூப்பிடுவா? சேதி வெளிய போனா டப்பாவுல முத்திரை போயிரும், எஸ்டேட்ட மூடிட்டு அவனவன் பொட்டியக் கட்ட வேண்டியதுதான்னு தொரை யூனியன் ஆளுங்கள உக்கார வச்சுச் சொன்னாரு. அவங்களும் டீயக் குடிச்சுட்டுக் கலைஞ்சு போயிட்டாங்க. அடுத்த மாசமே கலா வீட்டுக்காரனுக்கு ஃபேக்டரிக்குள்ள வேலை. மழையில நனையாத வேலை. அவளும் அடங்கிட்டா. இப்பக் குழாயடியில மட்டும் பேசுறா. பேசட்டும், வாய்க்கும் ஒரு வேலை வேணும்ல.

எனக்கு வருத்தம் இல்லன்னு நினைக்காத. நானும் நாலு பெத்து ரெண்டப் பறிகொடுத்தவ. ஒரு வாரம் அந்தக் கட்டில் பக்கமே நான் போகல. ரெண்டு விரல ஒண்ணா வாயில வச்சுச் சப்பும் அது. அழுது ஓஞ்சு அப்படிச் சப்பிக்கிட்டே என்னப் பாக்கும். எனக்கு அந்தப் பார்வை புடிக்கவே புடிக்காது, என்னமோ கடன் குடுத்தவன் மாதிரி பாக்கும். இப்ப நினைச்சா பாவமாத்தான் இருக்கு.

மீதி நிதி வந்துச்சு. டிஸ்பென்சரிக்கு ஃபிரிட்ஜு வந்துச்சு. எனக்கு ஒரு சால்வையும், சிறந்த பராமரிப்பாளர்னு கண்ணாடி போட்ட ஒரு பத்திரமும். அந்தா, அதுக்குப் பக்கத்துல பெரிசா மாட்டியிருக்கே, அதுதான் அந்தப் போட்டோ. அவங்க போட்ட புத்தகத்துக்கும் அட்டையில அதுதான். இத எடுத்துரலாம் மேடம்னு நானே சொன்னேன். அவங்க வந்து எங்கன்னு கேட்டா என்ன ஆயா சொல்றதுன்னுச்சு. அதுவும் நியாயம்தானே.

முகத்தத் திருப்பாத. இன்னும் முக்கியமானதச் சொல்லல உனக்கு. கலா இத மட்டும் சொல்லியிருக்க மாட்டா.

பூமணி அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் இங்கதான் கொழுந்து எடுத்தா. ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போற அன்னிக்குக் காலையில இங்க வந்தா. திட்டப் போறா, மண்ண வாரித் தூத்தப் போறான்னு சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். அவ என்னப் பாக்கவே இல்ல. நேரா படத்துக்கிட்ட போனா. கண்ணாடி மேல கைய வச்சு, கன்னத்த, நெத்திய, அந்த ரெண்டு விரலத் தடவுனா. அவகிட்ட அந்தப் புள்ளையோட படம் ஒண்ணுகூட இல்லையாம். அவங்க ஊர்க்காரன், கொஞ்சம் தமிழ் தெரிஞ்சவன், சொன்னான். மேடம் உடனே புத்தகம் ஒண்ண எடுத்து அட்டையக் கிழிச்சுக் குடுத்துச்சு. நல்ல மனசு அதுக்கு. பூமணி அத முந்தானையில சுத்தி வச்சுக்கிட்டு, அப்படியே வந்து என் கால்ல விழுந்துட்டா. தலையக் கால் மேல வச்சுட்டு எந்திரிக்கல. என்னப்பா சொல்றான்னு அவனக் கேட்டேன். கடைசி நாள்ல புள்ள அழுகாம, பயப்படாம, நிம்மதியாத் தூங்கியிருக்கு, இவங்கதான் பாத்துக்கிட்டாங்கன்னு சொல்றான்னு சொன்னான்.

நீயே சொல்லு புஷ்பம். தப்புப் பண்ணுனவ கால்ல ஒருத்தி விழுவாளா? கலா சொல்றது பெரிசா, பெத்தவ சொன்னது பெரிசா? மழையில நனைஞ்சு கெடந்த அவ தலைய இந்தக் கையாலதான் தூக்கி விட்டேன். அன்னிக்குத்தான் எனக்கு வயித்துல இருந்த பாரம் எறங்குச்சு. அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சங்கு ஊதிருச்சு, எந்திரி. எங்க புள்ளையோட கிளம்புற? தூக்கிட்டுப் போனா மஸ்டர்லயே நிறுத்திருவாங்க. இன்னிக்கும் பேர் விழலன்னா அஞ்சு நாளு. அஞ்சு நாளு பேர் இல்லன்னா லயன்வீடு யாரு பேர்ல இருக்குன்னு கேப்பாங்க. அருள்ராஜ் வேலைய விட்டுட்டுத் திருப்பூருக்குப் போனதுல இருந்து உன் பேர்லதானே இருக்கு? படுக்கையில கெடக்கிற உன் மாமியாரக் கூட்டிட்டு எங்க போவ? நான் பயமுறுத்தல. இருக்கிறதச் சொல்றேன்.

மருந்தா? அது இப்பக் குடுக்கிறதில்லம்மா. அந்தச் சிவப்பு மருந்தே இங்க வர்றதில்ல. இப்ப வர்றது மஞ்சக் கலரு. அதுவும் சளி இருந்தாத்தான்.

கொண்டா. கொண்டாங்கிறேன்ல. அடேயப்பா, உங்கப்பன் கனம் கனக்கிறியே. அம்மா தாலிய விடு சாமி, விடு. நீ வாசல்ல நின்னு திரும்பிப் பாக்காத புஷ்பம், பாத்தா இன்னும் அழுவான். இங்க பாரு, மூக்கு வேற ஒழுகுது இவனுக்கு. நீ போ. கீழ் கேட்டத் தாண்டுறதுக்குள்ள சத்தம் நின்னுரும்.